பெரியம்மாவின் கணக்கு

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்ததை நடந்தபடி சொல்ல வராது. திருவொற்றியூரில் பஸ் ஏறி ராயபுரத்தில் இறங்கினேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவியின் கூடையிலிருந்து ஆரம்பிப்போம். கூடையில் இல்லாத முருங்கைக்காயையும் ஒன்றிரண்டு செருகிவைப்போம். கேட்பவர்கள் ரசிப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் சன்மானமும் அனுப்புவார்கள். ஆகவே இது ஒரு நல்ல குணம் என்றே நாற்பது வயது வரையில் நினைத்துக்கொண்டிருந்தேன். 2017ஆம் வருஷத்தில் அந்த எண்ணம் போயிற்று. போன விதத்தைச் சொல்லுகிறேன்.

என் பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு திருவொற்றியூரில் வீடு பார்த்துக்கொண்டு வந்தவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் கடலை விட்டு அவரால் இருக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் பட்டினத்தார் கோயில் பக்கம் போய், நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை எண்ணிவிட்டு வந்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். கப்பலின் நிறத்தையும் கட்டையும் பார்த்தே அதில் என்ன சரக்கு என்று சொல்லிவிடுவார். சரியாக இருக்குமா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பலிலிருந்த எண்ணெய் கடலில் கொட்டி, தாரைப் போலக் கெட்டியாகி, எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கிற்று. யந்திரங்களால் உறிஞ்சி எடுக்க முடியவில்லை. மீனவர்களும், காலேஜ் பையன்களும், கடலோரக் காவல்படைக்காரர்களும் வரிசையாக நின்று பக்கெட்டில் அள்ளினார்கள். ஊரெல்லாம் சிரித்தது, பத்திரிகைகளும் சிரித்தன. பெரியப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தமக்கு 67 வயது என்பதை மறந்து அந்த வரிசையில் போய் நின்றார். ஒரு வாரம் போல நின்றார். இரண்டு ஜோடி செருப்பு போயிற்று. வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பெரியம்மா அவரை உள்ளே விடுவாள்.

அதற்குப் பிறகு வடசென்னையில் பல வீடுகளில் கொஞ்ச நாள் மீன் வாங்கவில்லை. காசிமேட்டில் வியாபாரம் படுத்துவிட்டது. பெரியப்பாவும் மீனை விட்டார். சங்கராவும் வஞ்சிரமும் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனுஷர் ரசத்தோடு நிறுத்திக்கொண்டபோது, எண்ணெயைப் பார்த்த அருவருப்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்தக் காரணம் மிகவும் பொருத்தமாக இருந்தது. ஊர் மறுபடி மீன் தின்ன ஆரம்பித்த பிறகும் அவர் தின்னவில்லை. அதற்கும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

வைகாசி பிறந்ததும் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வேளை. பெரியப்பா ஒரு கிண்ணம் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் குடிப்பார், நிமிர்ந்து உட்காருவார், மார்பை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிவிடுவார், அது இறங்கிற்று என்று தெரிந்த பிறகு அடுத்த வாய். பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குடித்ததெல்லாம் அப்படியே திரும்பி வந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"இன்னா, கொஞ்ச நாளா" என்றார். பிறகு, பெரியம்மா உள்ளே போகும் வரையில் காத்திருந்து, "அண்ணாவுக்கு வந்ததா இருக்குமாடா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1949 செப்டம்பரில், ராயபுரம் ராபின்ஸன் பூங்காவில், கொட்டுகிற மழையில் அண்ணாதுரை தம் கட்சியின் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியபோது, என் தாத்தா நனைந்துகொண்டே நின்று கேட்டாராம். அந்த மழையைப் பற்றிப் பேசாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. அப்படிக் கூட்டத்தைக் கட்டிப் போட்ட மனிதருக்கு 1968இல் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. செப்டம்பரில் நியூயார்க்குக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 ஜனவரியில் இந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்ததைக் கண்ணால் பார்த்தார். பிப்ரவரி 3ஆம் தேதி போய்விட்டார். வயது ஐம்பத்தொன்பதுதான். அன்றைக்குச் சென்னையில் திரண்ட ஜனசமுத்திரத்தில் பத்தொன்பது வயதுப் பையனாகப் பெரியப்பாவும் இருந்தார். சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்றால் வேறு வியாதியே அவர் நினைவுக்கு வராது.

அந்த வாரமே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர், அவசரமில்லாமல் பேசுகிறவர். என் நாவல் ஒன்றைப் படித்தவர் என்பதும் தெரிய வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று கேட்டார்.

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். பெரியப்பா எப்போதுமே மெதுவாகச் சாப்பிடுகிறவர் என்றேன். நான் சிறுவனாக இருந்தபோது, பந்தியில் எல்லோரும் எழுந்து கை கழுவின பிறகும் அவர் மட்டும் இலையில் உட்கார்ந்திருப்பார், பரிமாறுகிறவர்கள் அவருக்காக விளக்கை அணைக்காமல் காத்திருப்பார்கள் என்றேன். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார் என்றேன். வேலையை விட்ட பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது என்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் உற்சாகமாகச் சொன்னேன். நான் சொன்னதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. பெரியம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வந்தவள் போல முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். படித்தவன் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவள்.

பரிசோதனைகள் நடந்தன. குழாய்க் காமிராவை விட்டுப் பார்த்தார்கள். உள்சுவரில் புண்ணோ கட்டியோ கண்ணுக்குப் படவில்லை. அடிவாயில் மட்டும் இறுக்கமாக இருந்தது. கிள்ளி எடுத்த சதையிலும் குற்றமில்லை. பேரியம் என்ற சுண்ணாம்புக் கரைசல் போன்றதைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். உணவுக்குழாய் மேலே அகன்று, கீழே வர வர ஒடுங்கி, பறவையின் அலகு மாதிரி கூராக முடிந்திருந்தது.

"அகலேசியா" என்றார் டாக்டர்.

கிரேக்க மொழியிலிருந்து எடுத்த பெயர். தளராமல் இருப்பது என்று அர்த்தம். நாம் விழுங்குகிற கவளம் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக இறங்கி இரைப்பைக்குப் போகிறது. இரைப்பையின் வாசலில் வளையம் போல ஒரு தசை காவல் நிற்கிறது. சாதாரணமாக மூடியிருக்கும், கவளம் வரும்போது தளர்ந்து வழி விடும். தளரச் சொல்லிக் கட்டளையிடுவது அந்தத் தசைக்குள் இருக்கும் நரம்புகள். அந்த நரம்புகள் காரணம் தெரியாமல் பட்டுப்போனால், காவல்காரன் செவிடாகிவிடுகிறான். எவ்வளவு தட்டினாலும் கதவு திறப்பதில்லை. சோறு வாசலில் நிற்கிறது. வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வமான வியாதி.

டாக்டர் ஒரு பழைய சம்பவத்தையும் சொன்னார். 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இப்படிப்பட்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். திமிங்கல எலும்பின் நுனியில் சிறு கடற்பஞ்சு ஒன்றைக் கட்டிக் கொடுத்தாராம். அந்த மனிதர் சாப்பிட்ட பிறகு அதை வாய் வழியாக உள்ளே விட்டுச் சோற்றைத் தள்ளிவிடுவாராம். அப்படியே பதினைந்து வருஷம் காலம் தள்ளினாராம். 1913இல் ஹெல்லர் என்ற ஜெர்மானியர் அந்தத் தசையைக் கீறிவிடும் அறுவைச் சிகிச்சையைக் கண்டுபிடித்தார். இப்போது வாய் வழியாகவே குழாயை விட்டு உள்ளுக்குள்ளேயே கீறிவிடும் முறையும் வந்திருக்கிறது. 2008இல் ஜப்பானில் ஆரம்பித்தது.

"அப்படீன்னா அது இல்லையே?" என்று பெரியப்பா கேட்டார்.

"புற்றுநோய் இல்லை" என்றார் டாக்டர்.

பெரியப்பா எழுந்து நின்று கும்பிட்டார். கிரேன் ஓட்டின அந்தக் கைகள் நடுங்கின. எனக்கும் கண் கலங்கிற்று. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவர் பாடிக்கொண்டு வந்தார். வயதையும் உத்தேசித்து முதலில் பலூன் வைத்து விரித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் செய்தார்கள். அன்று மாலையே பெரியப்பா இட்லி சாப்பிட்டார். நான் அந்தத் திமிங்கல எலும்பை வைத்து ஒரு சிறுகதைகூட யோசித்துவிட்டேன்.

பதினெட்டு நாள் நன்றாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் கஞ்சி நின்றது. அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் நின்றது.

தெரிந்தவர்கள் சொன்னதன் பேரில் ஸ்டான்லிக்குப் போனோம். அந்த ஆஸ்பத்திரிக்கு வடசென்னையில் இன்னொரு பெயர் உண்டு: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782ஆம் வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்தது அது. 1938இல் மருத்துவக் கல்லூரியாகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர் வாயில் பழைய பெயர் போகவில்லை. பெரியப்பா வாசலில் நின்று, "கஞ்சித்தொட்டிக்கு வந்துட்டேன், கஞ்சிதான் எறங்கலே" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அங்கே ஓர் இளம் டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. இரவெல்லாம் விழித்திருந்த கண்கள். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "எப்போ ஆரம்பிச்சது?" என்றார். நான் பந்தியையும் விளக்கையும் ஆரம்பித்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"சார், நீங்க இருங்க. வீட்டிலே சோறு போடறது யாரு? அவங்க சொல்லட்டும்."

பெரியம்மா சொன்னாள். தயங்கவே இல்லை. நான்கு மாதமாக மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"மாசித் திருவிழாவிலே, மகிழடி சேவை அன்னிக்கு ராத்திரி டாக்டர். சாமி பார்த்துட்டு வந்து புளிசாதம் சாப்பிட்டாரு. ரெண்டாவது வாய் நின்னுபோச்சு. அதுக்கு முந்தி ஒண்ணுமில்லே. கப்பல் எண்ணெய் ஒதுங்கினப்போ பக்கெட் தூக்கிட்டு வந்து ஆறு இட்லி தின்ன மனுஷன். பங்குனியிலே தோசை எறங்கலே. சித்திரையிலே ஊறவச்ச இட்லி எறங்கலே. அப்புறம் கஞ்சி. பெல்ட்டிலே ஆணி வச்சு மூணு ஓட்டை புதுசாப் போட்டுக்கிட்டாரு."

பெரியப்பா குற்றவாளியைப் போலச் சட்டையைத் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினார். மூன்று ஓட்டைகளும் ஒழுங்கில்லாமல் இருந்தன. எடை பார்த்தார்கள். பென்ஷன் காகிதத்தோடு வைத்திருந்த பழைய டாக்டர் சீட்டிலிருந்த எடைக்குப் பதினொரு கிலோ குறைந்திருந்தது.

டாக்டர் பழைய காகிதத்தின் முதல் பக்கத்துக்குப் போனார். ஒரு வரியின் மேல் பேனாவை வைத்தார்.

"பல வருஷங்களாக விழுங்குவதில் சிரமம்னு எழுதியிருக்கே. இது யார் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு மேலே தேதியை எழுதினார்.

பிறகு தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். இரைப்பையின் மேல்வாயில் ஒரு வகைப் புற்று உண்டாகி, உள்சுவரின் மேலே தலை காட்டாமல், தோலுக்கு அடியில் கறையான் போவது போலப் பரவுவது உண்டு. வளையத் தசையைச் சுற்றி வளைத்து, அதே நரம்புகளை அது அரித்துவிடும். அப்போது அகலேசியாவின் எல்லா அடையாளங்களும் வரும். பறவையின் அலகு வரும். அழுத்தத்தை அளக்கும் கருவிகூட அதே கோட்டைப் போட்டுக் காட்டும். மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் ஒன்றும் இருக்காது. 1947இலேயே ஆகில்வி என்ற இங்கிலாந்து டாக்டர் இந்த வேஷத்தைப் பற்றி எச்சரித்து எழுதியிருக்கிறார். போலி அகலேசியா என்று இதற்குப் பெயர். அகலேசியா என்று தோன்றுகிற நூறு பேரில் இரண்டு பேரோ நாலு பேரோ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

படமும் கருவியும் ஏமாறுகிற இடத்தில் காட்டிக் கொடுப்பவை சில சாதாரணமான விஷயங்கள். உண்மையான அகலேசியா அவசரப்படாது. வருஷக் கணக்கில் ஊர்ந்து வரும். போலி மாதக் கணக்கில் ஓடி வரும். வயதானவர், ஒரு வருஷத்துக்குள் ஆரம்பித்தது, வேகமாக எடை குறைகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் டாக்டர்கள் சந்தேகப்பட வேண்டும் என்று அவர்களுடைய புத்தகங்களே சொல்லுகின்றன. குழாய்க் காமிரா அடிவாயைத் தாண்டுவதையும் கவனிப்பார்கள். அகலேசியாவில் மெல்ல அழுத்தினால் வழி விடும். போலியில் மரம் மாதிரி விறைத்து நிற்கும். நான் என்ன செய்திருக்கிறேன் என்று இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். நாலு மாதத்தை நாற்பது வருஷமாக்கி, பதினொரு கிலோவை 'கொஞ்சம் கொஞ்சமாக' ஆக்கி, சந்தேகம் நுழையக் கூடிய கதவையெல்லாம் என் சாமர்த்தியத்தால் சாத்தியிருக்கிறேன்.

இரண்டாம் முறை காமிராவை விட்டபோது அடிவாய் வழி விடவில்லை. ஸ்கேனில் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்துத் தெரிந்தது. ஒலி அலையால் சுவரின் அடுக்குகளைப் பார்க்கும் கருவியை உள்ளே விட்டு, ஊசியால் ஆழத்திலிருந்து சதை எடுத்தார்கள். புற்றுதான். கல்லீரலிலும் ஏறியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை. வாசல் மூடாமல் இருக்க ஒரு கம்பி வலைக் குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். இரைப்பைப் புற்று சென்னை ஆண்களிடையே முன்வரிசையில் நிற்கிற வியாதி. 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தில் வைத்துவரும் பதிவேடு அதைச் சொல்லுகிறது. இந்த வேஷத்தில் வருவதுதான் அபூர்வம்.

ஒரு நாள் அந்த இளம் டாக்டரைத் தனியாகப் பிடித்து, முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "வைகாசியிலேயே பரவியிருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நிச்சயமாச் சொல்ல முடியாது, சார்" என்றார். அவர் என்னைப் போலக் கதை சொல்லுகிறவர் இல்லை. முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிறுத்தாததற்காக அவரை நான் மதிக்கிறேன்.

பெரியப்பாவிடம் நானே சொன்னேன். பட்டினத்தார் கோயில் பக்கத்துக் கற்களின் மேல் உட்கார்ந்திருந்தோம். பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று தேடி வந்த பட்டினத்தாருக்கு, அது திருவொற்றியூரில் இனித்ததாம். பெரியப்பாவுக்குக் கம்பிக் குழாய் வைத்த பிறகு குழைத்த தயிர்சாதம் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் கரும்பு தின்பது போலத்தான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"நீ பொய்யா சொன்னே? நான் மெதுவாத் துன்றவன்தானே" என்றார். பிறகு, "அழகா சொன்னேடா. நானே நம்பிட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையை இன்றுவரையில் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த மாசியில் மகிழடி சேவைக்கு அவர் இல்லை. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் சுந்தரருக்குக் கண் போன கதையை அன்று ஊரே நினைத்துக்கொள்ளும். பெரியம்மா மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி போட்டு எழுதுகிறேன். எந்த நாளில் ஆரம்பித்தது, எது முதலில் இறங்கவில்லை, எடை எவ்வளவு. அவ்வளவுதான். ஒரு விசேஷணம்கூடச் சேர்ப்பதில்லை. டாக்டர் அறைக்குள் போகும்போது, சோறு போட்டவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் நின்றுகொள்ளுகிறேன். உங்களுக்கும் அதையே சொல்லுவேன். சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொன்னால், அதற்குப் பொருத்தமான காரணத்தை நீங்களே கண்டுபிடித்துச் சமாதானம் அடைந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எல்லாம் சரிதான். அஞ்சு இட்லிதான் தின்னாரு. நான் டாக்டர்கிட்டேயும் அஞ்சுன்னுதான் சொன்னேன். ஆறாவது நீ சேர்த்தது" என்றாள்.

திருத்தவில்லை. என் குணத்துக்கு ஒரு சாட்சியாக அது அங்கேயே இருக்கட்டும்.